மேல்வீட்டுத் தட்டி

அன்று காலையில் மூன்றாவது முறையாக அடுப்பு அணைந்தது.

திரௌபதி தீப்பெட்டியை எடுக்கவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பின் முன்னால் குந்தியபடியே, பால்கனியின் கைப்பிடிச் சுவருக்கு மேலே தெரிந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்கே பள்ளத்திலிருந்து காற்று ஏறி வந்தது. ஆனி முடிய மூன்று நாள் இருந்தது. அதற்குப் பிறகு ஆடி முழுசாக இருந்தது.

“அரிசி பாதி வெந்துகீது. இப்படியே துன்னுட்டுப் போறீங்களா?”

பஞ்சாட்சரம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். தீப்பெட்டியை எடுத்து, முதுகைக் காற்றுக்குக் காட்டி உட்கார்ந்து, திரியைப் பற்றவைத்தார். சுடர் ஒரு பக்கமாகப் படுத்தது. இரண்டு கைகளையும் அணையாக வைத்தார். சுட்டது, எடுத்தார். அடுப்பு நான்காவது முறை அணைந்தது.

“ஆடி மாசம் பூரா கையை வெச்சிகினு ஒக்காந்திருப்பீங்களா?” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது.

சமையலறை உள்ளே இருந்தது. அங்கே அடுப்புப் பற்றவைத்தால் அவளுக்கு இழுப்பு வரும். விறகுப் புகைக்கும் வரும், மண்ணெண்ணெய் வாடைக்கும் வரும். ஒருமுறை வந்தால் இரண்டு நாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குவாள். அதனால் போன மாசியில் அடுப்பைப் பால்கனிக்குக் கொண்டுவந்தார்கள். மாசியும் பங்குனியும் சித்திரையும் நன்றாகப் போயின. வைகாசிக் கடைசியில் காற்று திரும்பியது.

“ஆடிப் பதினெட்டுக்கு அண்ணன் வருது,” என்றாள், இருமல் அடங்கிய பிறகு. “அதுக்குள்ள இந்தக் காத்துக்கு எதையாவது கட்டினீங்கன்னா இருக்கறேன். இல்லன்னா அண்ணன்கூட எறங்கிப் போறேன். என்னால முடியல.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குப் பதில் வந்திருக்கும்.

இறங்கிப் போவது என்றால் ஆலங்காயத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு. இரண்டு வருடத்துக்கு முன் பத்து நாள் என்று போனவள் எட்டு மாதம் கழித்துத்தான் திரும்பினாள். பஸ் வளைவு வளைவாக ஏறும்போதே மூச்சு முட்டியது. இறங்கியதும் சாலையோரத்தில் துண்டை விரித்துப் படுக்கவைத்தார். இனி இறங்கினால் ஏற முடியாது என்பது இருவருக்கும் தெரியும். அவர் ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. பிள்ளைகள் இல்லை. அந்த எட்டு மாதத்தில் அவர் பேசிய பேச்செல்லாம் ஆபீஸ் பேச்சுதான்.

அவர் பக்கச் சுவரைப் பார்த்தார். இந்தப் பக்கம் ஒரு கொக்கி, அந்தப் பக்கம் ஒரு கொக்கி. நடுவில் ஒரு தார்ப்பாய். ஒரு மணி நேர வேலை. ஆனால் அந்தச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியவர் அவர்தான்.

அது மலைமேல் வேலை பார்க்கும் அரசு ஊழியர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு. கீழே ஆறு வீடு, மேலே ஆறு வீடு. கட்டிய புதிதில் மலை ஊர்க்காரர்கள் கும்பலாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தர் தலைமேல் ஒருத்தர் குந்திக்கொண்டு எப்படிச் சோறு தின்பார்கள் என்று கேட்டுச் சிரித்தார்கள். பஞ்சாட்சரம் அந்தக் குடியிருப்பின் பராமரிப்பு குமாஸ்தா. முதல் ஐப்பசி மழையில் எல்லா வீட்டிலும் காலண்டர் ஆணி வழியாகத் தண்ணீர் இறங்கியது. பூச்சில் மணல் அதிகம். ஆணியைப் பிடுங்கினால் உள்ளங்கை அகலத்துக்குச் சுவர் கையோடு வந்தது. அந்த மாதம்தான் அவர் மாடிப்படியில் அறிவிப்பை ஒட்டினார். ஆணி அடிக்கக் கூடாது. துளை போடக் கூடாது. சேதம் செய்தவர் ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கீழே அவர் கையெழுத்து.

ஐந்து வருடத்தில் இரண்டு குடும்பங்கள் அப்படிக் காலி செய்தன. அதில் ஒன்று ஜீப் டிரைவர் குடும்பம். தொட்டில் கட்ட உத்தரத்தில் கொக்கி இறக்கியிருந்தார்கள். குழந்தைக்கு அப்போது நாற்பது நாள்.

பாதி வெந்த சோற்றை மோர் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு அவர் ஆபீசுக்குப் போனார்.

*

ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் சாக்குத் திரை தைத்தார். ஆறு கோணிகளைக் கோணி ஊசியால் சேர்த்துத் தைத்து, அடி ஓரத்தை மடித்து மணல் நிரப்பினார். மேல் ஓரத்தில் கயிறு கோத்து, ஒரு முனையைக் கதவின் கீலிலும் மறுமுனையைச் சன்னல் கம்பியிலும் கட்டினார். ஆணியும் இல்லை, துளையும் இல்லை. திரௌபதி கதவோரம் நின்று பார்த்தாள்.

“தொங்குதுங்க நடுவுல.”

“தொங்கட்டும். காத்து வராதுல்ல.”

காற்று வந்தது. சாக்கு கர்ப்பிணி வயிறுபோல உப்பியது, அமுங்கியது, மறுபடி உப்பியது. மணல் ஓரம் தரையைத் தேய்த்துக்கொண்டே வந்து அடுப்பின் மேல் இருந்த குண்டானைத் தட்டிவிட்டது. அவர் ஓடிப் பிடிப்பதற்குள் கயிறு இரண்டு முனையிலும் அவிழ்ந்தது. திரை சுழல்காற்றில் கைப்பிடிச் சுவரைத் தாண்டி வெளியே போய், கீழே கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஞானமேரியின் மேல் மணலோடு இறங்கியது.

ஞானமேரி நர்ஸ். கீழ்வீட்டில் தனியாக இருந்தாள். புருஷன் வாணியம்பாடியில் தோல் கிடங்கில் வேலை. மாதம் ஒருமுறை வருவான். சாக்கை விலக்கித் தலையை வெளியே எடுத்தாள். முடியெல்லாம் மணல்.

“இன்னா சார் இது? உயிரோடவே மண்ணு போடறீங்க?”

“காத்துல அவுந்துகிச்சு,” என்றார் பஞ்சாட்சரம் மேலிருந்து.

“ஒரு ஆணி அடிச்சிருந்தா அவுந்திருக்குமா? ஓ, அடிக்கக் கூடாதில்ல. நான்தான் மறந்துட்டேன்.” தலையை உதறினாள். “என் மாதா படத்தை அஞ்சு வருசமா டிரங்குப் பெட்டி மேல சாச்சி வெச்சிருக்கேன் சார். ஒவ்வொரு தபா பெட்டியைத் தொறக்கும்போதும் மாதாவைத் தூக்கி மடியில வெச்சிக்கறேன். அவங்களும் இன்னா பண்றதுன்னு பார்த்துகினு கீறாங்க.”

திரௌபதி வாயைப் புடவையால் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். சிரித்தாளா இருமினாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

சாக்கை எடுக்க அவர் படியிறங்கிப் போனார். ஞானமேரி அதை மடித்துத் தயாராக வைத்திருந்தாள்.

“அக்காவுக்கு எப்டி கீது?”

“அப்படியேதான்.”

“புகையும் ஆகாது, எதிர்க்காத்தும் ஆகாது. ரெண்டுத்துல எதையாவது ஒன்ன நிறுத்துங்க சார். ஊசி போட்டுகினே இருக்க முடியாது.”

*

மாதையன் குடியிருப்புக்குத் தண்ணீர் எடுத்துவிடும் ஆள். பக்கத்து மலை ஊரைச் சேர்ந்தவன். தொட்டியை நிரப்பிவிட்டு மேலே வந்தவன், மூலையில் கிடந்த சாக்கைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான், கைப்பிடிச் சுவரின்மேல் கையை நீட்டிக் காற்றைப் பார்த்தான்.

“சாரு, காத்தை அடைக்கப் பாத்தீங்களா?”

“வேற இன்னா பண்றது?”

“அடைச்சா அது சண்டைக்கு வரும். சல்லடையில வுடற மாரி வுடணும். மூங்கித் தட்டி கட்டுங்க. சந்து சந்தா இருக்கும். அதுல பூந்து வந்தா காத்துக்கு வேகம் போய்டும்.”

“தட்டியை எதுல கட்டறது? சுவத்துல கை வெக்கக் கூடாது.”

மாதையன் அண்ணாந்து தளத்தைப் பார்த்தான். கைப்பிடிச் சுவரின் தலைக்கும் மேலே தளத்துக்கும் நடுவில் ஓர் ஆள் உயரம் இருந்தது.

“முட்டு குடுக்கலாம். மூணு கழி. கீழ சுவத்து மேல நிக்கும், மேல தளத்துல முட்டும். சந்துல ஆப்பு வெச்சா நின்னுக்கும். எங்க பரணு எல்லாம் இன்னாத்துல நிக்குது? எந்தப் பரணுல ஆணி கீது?”

பஞ்சாட்சரம் மலைச் சரிவுகளில் தினைக்கும் சாமைக்கும் காவல் இருக்கும் பரண்களைப் பார்த்திருக்கிறார். அவை எதில் நிற்கின்றன என்று யோசித்ததில்லை.

“நாளைக்கே மூங்கில் வெட்டிகினு வா.”

“நாளைக்கா? வளர்பிறை சாரு. இப்ப வெட்னா உளுத்துப் பூடும்.”

“எப்ப வெட்டுவ?”

“பௌர்ணமி போவணும். பத்து நாளாவும். அப்புறம் அது காயணும்.”

“எனக்கு ரெண்டு வருசம் நிக்க வேணாம்பா. ஒரு மாசம் நின்னா போதும்.”

“அது உங்களுக்கு. வெட்றவன் நானு.” மாதையன் சிரித்தான். “வளர்பிறையில கத்தி வெச்சான்னு ஊர்ல தெரிஞ்சா எனக்குப் பொண்ணு குடுத்தவனே வந்து கேப்பான்.”

பஞ்சாட்சரம் விரல்விட்டு நாளை எண்ணினார். பதினெட்டுக்குள் வராது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டோ, உள்ளே திரௌபதி மூச்சு வாங்கும் சத்தத்தைக் கேட்டோ, மாதையன் சொன்னான்:

“போன வருசத்துப் பரணு கழி எங்க வூட்டுப் பின்னாடி கெடக்குது. நல்லா காஞ்சது. அத்த எடுத்தாறேன். தட்டி ரெண்டு என் பொஞ்சாதி முடைஞ்சிடுவா.”

ஆடி ஆறாம் தேதி தட்டி நின்றது. மாதையன் மூன்று கழிகளையும் நிறுத்தி, தலைப்பக்கம் சாக்குத் துண்டு மடித்து வைத்து, தளத்துக்கும் கழிக்கும் நடுவில் புளியங்கட்டை ஆப்புகளைச் செருகினான். காய்ந்து இரும்பாகிப்போன கட்டை. உள்ளங்கையால்தான் தட்டினான். தட்டிகளைப் பனைநாரால் கழிகளோடு கட்டினான். எல்லாம் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது.

“லேசா இருக்கற மாரி தெரியும் சாரு. இருக்கட்டும். சாரல்ல தண்ணி குடிச்சு அதுவே இறுகிக்கும். நீங்க கைய வெக்காதீங்க.”

அவன் போனதும் பஞ்சாட்சரம் நடுக்கழியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். நூலளவு ஆடியது. முப்பது வருடமாகக் கதவு, குழாய், கைப்பிடி எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதியவர். ஆடுகிற பொருளை அப்படியே விட்டுவிட்டு அவர் எந்த வீட்டிலிருந்தும் வெளியே வந்ததில்லை. உள்ளே போய் அம்மிக் குழவியைத் தூக்கி வந்தார். ஸ்டூலில் ஏறி மூன்று ஆப்புகளையும் அடித்து இறுக்கினார்.

“அவன் வேணான்னு சொன்னானே,” என்றாள் திரௌபதி.

“அவன் போய்ட்டான். இது உன் தலைமேல வுழுந்தா யார் பாக்கறது?”

கழியை மறுபடி ஆட்டினார். சுவரை ஆட்டுவதுபோல் இருந்தது. இறங்கினார்.

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். சுடர் கொஞ்சம் அசைந்தது. பிறகு நேராக நின்றது. இருவரும் அதைப் பார்த்தார்கள். தட்டியின் சந்துகள் வழியாகக் காற்று வந்தது. வெயிலும் வந்தது. அவள் புடவையின்மேல் கோடுகோடாக விழுந்தது. சாமைச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் ஆக்கினாள். நடுவில் எழுந்து போய்ச் சுவரில் சாயவில்லை.

“நல்லாத்தான் கீது,” என்றாள்.

அதற்குமேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு வாரம் போனது. அவர் மத்தியானம் சாப்பிட வரும்போது சோறு முழுசாக வெந்திருந்தது. அவளுடைய மூச்சு கேட்கவில்லை. கேட்காததை அவர் ஒருநாள் குழம்பு ஊற்றும்போதுதான் கவனித்தார்.

*

பதின்மூன்றாம் தேதி சாரல் பிடித்தது. மழை என்று சொல்ல முடியாது. பனியும் தண்ணீரும் கலந்து மூன்று நாள் பகலும் இரவும் பெய்துகொண்டிருந்தது. துணி காயவில்லை, உப்பு நீர்த்தது.

பதினாறாம் தேதி மத்தியானம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பால்கனியில் தேங்காய் உடைத்ததுபோல் ஒரு சத்தம். பிறகு தொப்பென்று ஏதோ விழுந்தது. திரௌபதி கத்தவில்லை. “இன்னாங்க,” என்று மட்டும் கூப்பிட்டாள்.

நடுக்கழியின் தலைப்பக்கத்தில் தோசையளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்திருந்தது. அந்த இடத்திலிருந்து ஒரு விரிசல் புறப்பட்டு, தளத்தின் அடிப்பக்கமாக வீட்டுக்கு உள்ளே வரும் கதவு நிலைவரை ஓடியது. அவர் ஸ்டூலில் ஏறி ஆப்பைத் தொட்டார். ஈரத்தில் ஊறிப் பருத்திருந்தது. குழவியால் பக்கவாட்டில் தட்டினார். நகரவில்லை. மறுபடி தட்டினார். இன்னொரு துண்டு பூச்சு அவர் தோளில் விழுந்தது. நிறுத்தினார்.

அடித்தது அவர்தான். கையால் தட்டிய ஆப்பு ஊறியிருந்தால் அந்த நூலளவு இடத்தில் பருத்து நின்றிருக்கும். அவர் அந்த இடத்தை விட்டுவைக்கவில்லை.

சத்தம் கேட்டு ஞானமேரி மேலே வந்தாள். கதவோரம் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“ஆணி அடிச்சிருந்தா ஒரு ஓட்டையோட போயிருக்கும் சார்.”

“ஆமா,” என்றார் பஞ்சாட்சரம்.

“டிரைவர் பொண்டாட்டி கைப்புள்ளையோட படியெறங்கிப் போனா. நான்தான் பெட்டியைத் தூக்கிகினு போனேன். அந்தக் கொக்கி ஓட்டை சுண்டுவிரல் தண்டிகூட இல்ல.” அவள் குரலில் இப்போது கிண்டல் இல்லை. “உங்களுக்கு யார் சார் நோட்டீசு குடுப்பாங்க?”

அவள் திரௌபதியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். “மூச்சு நல்லா கீதேக்கா,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அன்று மாலை மாதையனிடம் ரம்பம் வாங்கி வந்தார். கழிகளை அறுத்தால் ஆப்பு விடும். தளத்தின்மேல் இருக்கும் அழுத்தம் நீங்கும். ரம்பத்தை நடுக்கழியில் வைத்தார். உள்ளே திரௌபதி நாளைக்கு அரைக்க உளுந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். நாளை மறுநாள் பதினெட்டு.

ரம்பத்தைச் சுவரோரம் சாய்த்துவைத்தார்.

*

கோபால்சாமி பத்தரை மணி பஸ்ஸில் வந்தான். ஆலங்காயத்தில் மேஸ்திரி. கையில் தங்கைக்குப் புடவை, மஞ்சள், பூ, வெல்லம். படியேறி வந்ததும் பையைக் கீழே வைக்காமலே பால்கனிக்குப் போனான்.

“இன்னா மாப்ள, பரணு கட்டிகினு கிளி ஓட்றீங்களா?”

பிறகு அண்ணாந்து பார்த்தான். சிரிப்பு நின்றது. ஸ்டூலைக் கேட்டு வாங்கி ஏறி, விரல் முட்டியால் தளத்தை இங்கும் அங்கும் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான். விரிசலில் நகத்தை விட்டு இழுத்தான்.

“கான்கிரீட்டு ஒடையல. பூச்சுதான் தூக்கிகினு கீது. ஆனா இப்டியே வுட்டா சாரல் எறங்கும். எறங்கினா உள்ள கம்பி துரு பிடிக்கும். ஒரு மழைக்காலம் தாங்காது.”

“இன்னா பண்ணலாம்?”

“இன்னா பண்றது? இத்த அறுத்து எடுத்துட வேண்டியது. நான் இன்னிக்கு இருந்து பூசிட்டுப் போறேன். மேல ஒரு கை சுண்ணாம்பு இழுத்துட்டா உங்க பெரிய ஆபீசரே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.” ஸ்டூலிலிருந்து இறங்கினான். “யாருக்குத் தெரியும்? பதிவேட்டை எழுதறதே நீங்கதான மாப்ள.”

“பூசினப்புறம் தட்டியைக் கட்டலாமா?”

“எங்க? இந்த ஈரத்துல பூச்சு இறுகவே பதினஞ்சு நாளாவும். அதுக்குள்ள மேல எதுவும் முட்டக் கூடாது. அதுவரைக்கும் தங்கச்சியை நான் இட்டுகினு போறேன். மூணு மணி பஸ்சு கீது. காத்தெல்லாம் ஓயட்டும், அப்புறம் பாக்கலாம்.”

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். எல்லாவற்றையும் யோசித்துத்தான் சொன்னான். பஞ்சாட்சரத்தின் வேலைக்கும் கெடுதல் இல்லாத வழி அது.

திரௌபதி அடுப்பைப் பற்றவைத்தாள். பதினெட்டுக்குச் சித்ரான்னம். புளிச்சோற்றுக்கு எண்ணெய் காய்ந்தது. சுடர் நேராக நின்றது. கோபால்சாமி ரம்பத்தைக் கண்டெடுத்து அதன் பல்லைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

“சாப்ட்டுட்டே அறுத்துடலாம்,” என்றான்.

மூன்று பேரும் சாப்பிட்டார்கள். கோபால்சாமி ஆலங்காயத்துச் செய்திகளைச் சொன்னான். யாருக்கோ கல்யாணம். யாரோ கிணறு வெட்டிப் பாறையில் முட்டிக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் திரௌபதி பாத்திரங்களை உள்ளே எடுத்துப் போனாள். கழுவினாள். பிறகு கொடியிலிருந்து ஈரம் காயாத இரண்டு புடவைகளை எடுத்து மடித்துக் கட்டில்மேல் வைத்தாள். துணிப்பையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். புடவைகளைப் பைக்குள் வைக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“நீங்க இன்னா சொல்றீங்க?” என்று கேட்டாள்.

முன்பு அந்த எட்டு மாதத்துக்கு அவள் புறப்பட்டபோதும் இதே கட்டிலில் உட்கார்ந்து இதையே கேட்டிருந்தாள். அப்போது அவர், உன் இஷ்டம், உடம்பைப் பாத்துக்கோ என்று சொன்னார். அது தப்பான பதில் என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

பால்கனியில் கோபால்சாமி ரம்பத்தைக் கழியில் வைத்து முதல் இழுப்பு இழுத்தான். மூங்கில் கீறியது.

பஞ்சாட்சரம் எழுந்து போனார். ரம்பத்தின் பிடிமேல் கையை வைத்தார்.

“தட்டி இருக்கட்டும்.”

“இருக்கட்டும்னா?”

“இருக்கட்டும். காத்து நின்னப்புறம் நானே எடுத்துடறேன்.”

“மாப்ள, நான் சொன்னது புரியலியா? தண்ணி எறங்கும். சர்க்கார் கட்டடம். நாளைக்குக் கேட்டா உங்களைத்தான் கேப்பாங்க.”

“கேக்கட்டும்.”

கோபால்சாமி தங்கையைப் பார்த்தான். அவள் கட்டிலைவிட்டு எழுந்து, மடித்த புடவைகளை உதறி மறுபடி கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ரெண்டும் ஒரே மாரி கீதுங்க,” என்றான் கோபால்சாமி. யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. ரம்பத்தைக் கீழே வைத்தான். பிறகு மாதையனிடம் ஒரு கை சிமெண்டு கேட்டு வாங்கி, தண்ணீரில் குழைத்து, விரிசல் வாயை மட்டும் விரலால் அடைத்தான். “இது நிக்காது,” என்றான். “என் மனசுக்குப் போட்டேன்.” மூன்று மணி பஸ்ஸுக்குத் தனியாகப் போனான்.

*

மறுநாள் ஆபீசில் அவர் வெள்ளைத்தாளை எடுத்தார். தலைப்பை எழுதினார், தேதியை எழுதினார். மேற்கொண்டு ஓடவில்லை. ஐந்து வருடத்தில் எத்தனையோ முறை எழுதிய வாசகம்தான். மேற்படி வீட்டில் குடியிருப்பவர் என்று எழுதி, அந்த இடத்தில் பெயரைப் போட வேண்டும். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தார்.

சாரல் விட்டிருந்தது. காற்று விடவில்லை. தட்டி உறுமியது. அடுப்பில் சோறு கொதித்தது. அவர் பால்கனியில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, தாளை முழங்கால்மேல் வைத்து எழுதினார். மேலே அந்த விரிசல் கோபால்சாமியின் விரல் அடையாளத்தோடு இருந்தது.

“யாருக்கு எழுதறீங்க?”

“மேலாபீசுக்கு.”

“இன்னான்னு?”

“மேல்வீட்டுக் குமாஸ்தா தளத்தைச் சேதம் பண்ணிட்டாருன்னு.”

அவள் கரண்டியால் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். இன்னும் வேகவில்லை. மூடினாள்.

“அண்ணன் பூசறேன்னு சொன்னப்பவே வுட்டிருக்கலாம்.”

“வுட்டிருந்தா நீ போயிருப்ப.”

அவள் கரண்டியைக் குண்டான் மூடியின்மேல் வைத்தாள். “எழுதாம இருந்தா இன்னாவாம்? யாரு கேட்டா?” என்றாள்.

“கீழ்வீட்டம்மா கேட்டுச்சு.”

“அது வாய் அப்படித்தான். மனசுல ஒண்ணும் வெச்சிக்காது.”

“அது கேட்டது சரியாத்தான் கேட்டுச்சு.”

கையெழுத்துப் போட்டார். அவருடைய கையெழுத்து தாளில் இரண்டு இடத்தில் இருந்தது. அறிக்கை தருபவர் என்று ஒன்று. சேதம் செய்தவர் என்று ஒன்று.

“காலி பண்ணச் சொல்வாங்களா?”

“ஒரு மாசத்துல.”

“ரெண்டு பேரையுமா?”

“பின்ன? நான் மட்டும் போனா இங்க உன்னை எப்படி வுடுவாங்க?”

“நான் அதுக்குக் கேக்கல.” அவள் அடுப்பைத் தணித்தாள். “எங்க போறது அப்புறம்?”

“மாதையன் ஊர்ல கேக்கணும். மண் வூடு ஏதாவது கெடைக்கும். ஆபீசுக்கு ரெண்டு மைல் நடக்கணும். நடக்கறேன்.”

“அந்தாண்டை மேடு. இங்கத்தவிட காத்து.”

“தெரியும்.”

“வாசல்லதான் ஆக்கணும். எப்டி ஆக்கறது?”

பஞ்சாட்சரம் தாளை மடித்தார். மூன்றாக மடித்து உறையில் போட்டு, நாக்கால் ஓரத்தை நனைத்து ஒட்டினார். ஐந்து மணி பஸ்ஸில் தபால் பை இறங்கும். முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். முதுகு வலித்தது.

“தட்டி நம்புளுதுதானே,” என்றார். “கழட்டி எடுத்துகினு போவோம்.”

திரௌபதி தட்டியை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். மூன்று கழி, இரண்டு தட்டி, கொஞ்சம் நார்.

“மாதையனைக் கூப்பிடுங்க,” என்றாள். “நீங்க கட்டாதீங்க.”

சோறு வெந்துவிட்டது. அவள் குண்டானை இறக்கி, துணியால் விளிம்பைப் பிடித்து, கஞ்சியை வடிக்கச் சாய்த்தாள்.